ஊர் சுற்றிய ஞானம்

கி.மு. 180-ஐ ஒட்டி எருசலேமில் ஒரு வாத்தியார் இருந்தார். யேசுவா என்று பெயர். சீரா குடும்பத்தவர் என்பதால் பென் சீரா. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். யாரோடு பழகலாம், யாருக்குக் கடன் கொடுக்கலாம், அடுத்தவனுக்கு ஜாமீன் நின்றால் என்ன கதியாகும், விருந்தில் பாட்டு நடக்கும்போது ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், பந்தியில் முதல் ஆளாக ஏன் கை நீட்டக் கூடாது என்பதுவரை சொல்லிக்கொடுத்தார். வைத்தியரையும் மருந்தையும் ஒதுக்குவது பக்தியாகாது என்றும் பாடம் நடத்தினார். தன் பள்ளிக்கு அவர் சொன்ன பெயர் ‘பேத் மித்ராஷ்’. பிற்காலத்தில் யூதர்கள் குடியேறிய ஊரெல்லாம் ஒட்டிக்கொண்ட இந்தப் பெயர், கிடைத்திருக்கும் எழுத்துகளில் முதலில் தலைகாட்டுவது இவர் நூலில்தான்.

பாடங்களை எபிரேயத்தில் செய்யுளாக எழுதி வைத்தார். 51 அதிகாரம். முடிவில் தன் பெயரையும் போட்டார். எபிரேயப் பழம் நூல்களில் பலவற்றை எழுதியவர் யாரென்றே தெரியாது. சாலொமோன், தாவீது என்று பெரிய பெயர்களின் நிழலில் ஒதுங்கியவர்கள்தான் அதிகம். இவர் ஒதுங்கவில்லை. அந்தத் துணிச்சலுக்கான விலையை நூல் பின்னால் கொடுத்தது.

எருசலேமில் பிறந்த அந்த எபிரேய நூல் எகிப்து, பாலைவனக் கோட்டை, பாக்தாத், மறுபடி எகிப்து, கேம்பிரிட்ஜ் என்று அலைந்தது. நடுவில் பல நூறு ஆண்டுகள் அது செத்தே போய்விட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நூல் முழுக்கப் பேசுவது ‘ஹோக்மா’ பற்றி. ஞானம் என்று தமிழ்ப்படுத்தி விடுகிறோம். தமிழில் ஞானம் என்றதும் காவி வேட்டியும் மூடிய கண்ணும் நினைவுக்கு வரும். பென் சீராவுக்கு முந்தைய எபிரேய நூல்களில் இந்தச் சொல் நடமாடும் இடங்களைப் போய்ப் பார்த்தால் அங்கே சாமியார் வாடை குறைவு, பட்டறை வாடைதான் தூக்கல். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்ட வேண்டும் என்றதும் கடவுள் பெசலெயேல் என்ற ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, ஹோக்மாவால் நிரப்புகிறார். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் பதிக்க, மரம் செதுக்க. அதே கூடாரத்துக்காக வெள்ளாட்டு மயிரைத் திரித்து நூல் நூற்ற பெண்களுக்கும் இதே சொல்தான். சாலொமோனின் ஆலயத்துக்கு முன் இரண்டு வெண்கலத் தூண்களை வார்த்து நிறுத்திய தீருவின் ஈராமிடம் இருந்ததும் ஹோக்மாவே. சங்கீதம் ஒன்றில் புயலில் சிக்கிய கப்பல்காரர்கள் குடிகாரர்களைப் போலத் தள்ளாடி, தங்கள் ஹோக்மா முழுவதையும் இழந்து நிற்கிறார்கள். அங்கே அது சுக்கான் பிடிக்கத் தெரிந்த கையைக் குறிக்கிறது. எரேமியா, அழுவதற்கு ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்லும் பெண்களும் ஹோக்மா உள்ளவர்கள்தான். நம் ஊர் ஒப்பாரிக்காரிகளைக் கேட்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அழத் தெரிவது வேறு, அழவைக்கத் தெரிவது வேறு.

சாமுவேல் நூலில் ஒரு பெண் வருகிறாள். பெயர்கூட இல்லை; ஆபேல் ஊர்க்காரி, அவ்வளவுதான். தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த சேபா அந்த ஊருக்குள் ஒளிந்துகொள்ள, படைத்தலைவன் யோவாப் ஊரைச் சுற்றி மண்மேடு போட்டு மதிலை இடித்துக்கொண்டிருக்கிறான். அவள் மதில்மேல் ஏறி யோவாபைக் கூப்பிடுகிறாள். இந்த ஊரை அழித்து உனக்கு என்ன லாபம் என்கிற தொனியில் பேச்சைத் தொடங்கி, அவனுக்குத் தேவை ஒரே ஓர் ஆள்தான் என்பதை அவன் வாயாலேயே வரவழைக்கிறாள். பிறகு ஊராரிடம் போய்த் தன் ஹோக்மாவால் பேசுகிறாள். சேபாவின் தலை மதிலுக்கு வெளியே வந்து விழுகிறது. படை திரும்பிப் போகிறது. ஒரு தலைக்கு ஓர் ஊர் பிழைத்தது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று நூல் தீர்ப்புச் சொல்வதில்லை. காரியம் நடந்தது என்று மட்டும் சொல்லி நகர்கிறது.

இன்னும் ஒருபடி போனால், தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைச் சீரழிக்க வழி சொல்லிக்கொடுத்த யோனதாபையும் மகா ஹோக்மாக்காரன் என்றே அறிமுகப்படுத்துகிறது அதே நூல். ஆக அந்தச் சொல்லுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எதுவும் அப்போது கிடையாது. எறும்புக்கும் வெட்டுக்கிளிக்கும் பல்லிக்கும்கூட நீதிமொழிகள் அதைத் தாராளமாக வழங்குகிறது.

பென் சீரா வாத்தியார் கையில் இது மாறுகிறது. மாறும் இடத்தை அவரே காட்டிக்கொடுக்கிறார். 38-ஆம் அதிகாரத்தில் உழவனைப் பார்க்கிறார். அவன் பேச்செல்லாம் மாட்டைப் பற்றி. முத்திரை வெட்டுபவன் இரவு பகலாக உருவம் தவறாமல் வெட்டுவதிலேயே குறியாக இருக்கிறான். பிறகு கொல்லன். பட்டறைக் கல்லருகே உட்கார்ந்திருக்கிறான். உலையின் ஆவி அவன் சதையை வற்றவைக்கிறது. சம்மட்டிச் சத்தம் காதை அடைக்கிறது. கண் மட்டும் செய்ய வேண்டிய பொருளின் மாதிரியை விட்டு அகலவில்லை. அடுத்துக் குயவன்: காலால் சக்கரம் தள்ளி, கையால் மண் பிசைந்து, இத்தனை உருப்படி முடிக்க வேண்டும் என்ற கணக்கும் சூளையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கவலையும் மண்டையில் ஓட, தூக்கம் கெட்டுக் கிடக்கிறான். இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தவர் பழைய உலகத்தில் அதிகம் பேர் இல்லை. எகிப்தில் அவருக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஒரு பாடநூல் இதே தொழில்களை வரிசையாகக் கேலி செய்து, எழுத்தர் வேலைதான் உசத்தி என்று பிள்ளைகளை மிரட்டும். பென் சீரா கேலி செய்யவில்லை. இவர்கள் இல்லாமல் ஊரே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சில் ஊர்ச்சபையில் இவர்களுக்கு இடம் இல்லை, நீதி வழங்கும் ஆசனத்திலும் இல்லை என்று கதவைச் சாத்துகிறார். ஞானம் என்பது ஓய்வு உள்ளவனுக்கு, படித்தவனுக்கு, திருச்சட்டத்தில் ஊறியவனுக்கு.

பெசலெயேலின் பட்டறையிலிருந்து அந்தச் சொல்லைக் கிளப்பிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து மேடையில் உட்கார வைத்தவர்களில் இவர் முக்கியமானவர். எனக்கு இதில் மனத்தாங்கல்தான். நூல் நூற்றவளின் கையில் இருந்ததற்குப் பிறகு ஏன் வேறு பெயர் தேட வேண்டி வந்தது?

ஆனால் மேடையில் உட்கார வைத்தவர் அதை என்ன அழகோடு செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 24-ஆம் அதிகாரத்தில் ஞானம் ஒரு பெண்ணாக எழுந்து தன் கதையைத் தானே சொல்கிறாள். கடவுளின் வாயிலிருந்து புறப்பட்டு மூடுபனிபோலப் பூமியை மூடி, வானத்தையும் கடலடியையும் சுற்றி, எல்லா மக்களிடமும் தங்க இடம் தேடி, கடைசியில் எருசலேமில் வேர்விடுகிறாள். லீபனோனின் கேதுரு மரமாகவும் என்கேதியின் பேரீச்சையாகவும் வளர்கிறாள். அவள்தான் மோசேயின் திருச்சட்டம் என்று வாத்தியார் விளக்கம் சொல்லி, அந்தச் சட்டத்தைத் திக்ரிசு, யூப்ரத்தீசு போன்ற ஆறுகளாகப் பெருக்கெடுக்க விடுகிறார். தன்னை அந்த ஆற்றிலிருந்து பிரிந்த ஒரு வாய்க்கால் என்கிறார். சொந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டத்தான் வெட்டினாராம். வாய்க்கால் ஆறாகி, ஆறு கடலாகிவிட்டதாம். தன்னடக்கமாகத் தொடங்கி இப்படி முடிப்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

வாய்க்கால் முதலில் பாய்ந்தது எகிப்துக்கு. கி.மு. 132-இல், அங்கே ஆண்ட எட்டாம் தாலமியின் 38-ஆம் ஆட்சியாண்டில், பென் சீராவின் பேரன் எகிப்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த யூதர்களுக்குக் கிரேக்கம்தான் பேச்சுமொழி. தாத்தாவின் நூலைப் பல இரவுகள் கண்விழித்துக் கிரேக்கத்தில் பெயர்த்தார். முன்னுரை ஒன்றும் எழுதினார். எபிரேயத்தில் உள்ள வலு வேறு மொழிக்குப் போனால் அப்படியே வருவதில்லை, குறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மொழிபெயர்ப்பாளரின் மன்னிப்புக் கோரல்களில் மிகப் பழைய ஒன்று. தாத்தாவின் நூல் உலகத்தில் பிழைத்தது இந்தப் பேரனால்தான்.

கிரேக்கத்தைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இலத்தீனுக்குப் போனது, திருச்சபையில் அடிக்கடி படிக்கப்பட்டதால் ‘சபை நூல்’ என்ற பொருளில் எக்லேசியாஸ்திகுஸ் என்று பெயர் வந்தது. எபிரேயத்திலிருந்து நேராகச் சிரியாக்கிலும் ஒரு மொழிபெயர்ப்பு உண்டானது. நான்காம் நூற்றாண்டில், பைபிளை இலத்தீனில் பெயர்த்த எரோனிமுஸ், எபிரேயப் பிரதி ஒன்றைத் தானே பார்த்ததாக எழுதி வைத்தார்.

யூதர்களோ அதைத் தங்கள் திருநூல் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆள் யார், காலம் எது என்று தெரிந்துபோனதும் ஒரு காரணம் என்பார்கள். தீர்க்கதரிசனக் காலம் முடிந்த பிறகு எழுதியதைத் திருநூல் என்று எப்படிச் சொல்வது? சொந்தப் பெயர் போட்டது வினையாக முடிந்தது. ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இதுபற்றி ஒரு சுவையான வாக்குவாதம் உண்டு. ரபி யோசேப்பு, இந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்கிறார். இன்னொரு ரபியான அபாயே விடவில்லை. ஏன் கூடாது, எந்த வரி தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது போன்றதே திருநூலில் இருக்கிறதே, அது போன்றதை நம் ரபிகளே சொல்லியிருக்கிறார்களே என்று மடக்குகிறார். மகளைப் பெற்றவனுக்கு அவள் ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு காரணத்தால் தூக்கம் போய்விடும் என்ற பகுதியும் அதில் அடிபடுகிறது. கடைசியில் அதில் உள்ள நல்லவற்றை எடுத்துச் சொல்லலாம் என்று இறங்கி வருகிறார் யோசேப்பு. படிக்கக் கூடாத நூலை இவ்வளவு பேர் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த யூத அறிஞர் ஸாதியா காவோன் அதன் எபிரேயப் பிரதியைப் பார்த்து எழுதுகிறார். அதன் பிறகு சில நூற்றாண்டுகளில் சத்தமே இல்லை. எபிரேயத்தில் அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கு ரபிகளின் மேற்கோள்கள் மட்டுமே மிச்சம்.

இனி கெய்ரோ. பழைய நகரமான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடம் இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய தாளைக் கிழித்துப் போடக் கூடாது என்பது யூத வழக்கம். பயன் தீர்ந்தவற்றை ஓர் இடத்தில் சேர்த்து வைத்துப் பிறகு புதைப்பார்கள். அந்த இடத்துக்கு கெனிசா என்று பெயர். பென் எஸ்ராவில் பெண்கள் மாடத்தின் கோடியில், சுவரின் உயரத்தில் ஒரு துவாரம். ஏணி வைத்து ஏறி உள்ளே போட வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தார்கள். புதைக்கத்தான் யாரும் வரவில்லை. எபிரேய எழுத்தில் இருந்தால் எதுவானாலும் அங்கே போனது: வேத ஏடு, கல்யாணப் பத்திரம், கடன் சீட்டு, தாயத்து, பிள்ளைகள் எழுதிப் பழகிய அரிச்சுவடி. இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை வைத்திருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வியாபாரிக்கு, பழைய பாத்திரங்களை அனுப்புகிறோம், இன்ன எடையில் இன்ன மாதிரி வார்த்து அனுப்பு என்று ஏடனிலிருந்து வந்த கடிதங்கள் கிடைத்தது அந்த அறையில்தான். மழை அபூர்வமான ஊர். தாள் மக்கவில்லை.

1890-ஐ ஒட்டித் தொழுகைக்கூடத்தை இடித்துக் கட்டினார்கள். அதன் பிறகு ஏடுகள் கள்ளத்தனமாகச் சந்தைக்கு வர ஆரம்பித்தன.

அவற்றை வாங்கியவர்களில் ஆக்னஸ் லூயிஸும் மார்கரெட் கிப்சனும் உண்டு. இரட்டைச் சகோதரிகள். 1843-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். தகப்பன் வைத்துவிட்டுப் போன பெரும் சொத்து. இருவருக்கும் நடுவயதில் கல்யாணம். இருவருக்கும் சில ஆண்டுகளிலேயே கணவர் இறந்தார். இருவருமாகக் கேம்பிரிட்ஜில் வீடு கட்டிக்கொண்டு கிரேக்கம், அரபு, எபிரேயம், சிரியாக் என்று மொழி மொழியாகப் படித்தார்கள். 1892-இல் ஒட்டகத்தில் சீனாய் மலையின் புனித கத்தரீன் மடத்துக்குப் போனபோது, பெண் புனிதர்களின் வரலாறு எழுதிய தோலேட்டின் அடியில் சுரண்டப்பட்ட பழைய எழுத்து இருப்பதை ஆக்னஸ் கண்டார். சிரியாக் நற்செய்தியின் மிகப் பழைய வடிவம் அது. அவர்கள் வாழ்ந்த ஊரின் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. 1948-இல்தான் கொடுத்தது, அப்போது இருவரும் உயிரோடு இல்லை. ஹாலே, ஹைடல்பர்க், டப்ளின், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுக் கௌரவப் பட்டம் கொடுத்தன.

1896 வசந்தத்தில் பாலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் போய் வந்தபோது ஒரு மூட்டை ஏட்டுத் துண்டுகளை வாங்கி வந்தார்கள். தெரிந்ததைத் தாங்களே பிரித்து அடையாளம் கண்டார்கள். விளங்காத சிலதைப் பற்றி, பல்கலைக்கழகத்தில் தல்மூது கற்பித்துவந்த சாலமன் ஷெக்டரிடம் தெருவில் பார்த்தபோது ஆக்னஸ் சொன்னார். ஷெக்டர் ருமேனியாவில் பிறந்தவர். கலைந்த தலை, பெரிய தாடி, புத்தகத்தில் விழுந்தால் சாப்பாடு மறந்துவிடும் ஆள். உடனே அவர்கள் வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேசைமேல் துண்டுகள் கிடந்தன. அதில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தவர் முகம் மாறி, இதை நூலகத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்.

ஓரங்கள் சிதைந்த, அழுக்கேறிய ஒற்றைத் தாள். பென் சீரா 39-ஆம் அதிகாரத்தின் பிற்பாதியும் 40-இன் தொடக்கமும். மனிதன் பிழைக்க என்ன வேண்டும் என்று வாத்தியார் பட்டியல் போடும் இடம் அதில்தான் வருகிறது: தண்ணீர், நெருப்பு, இரும்பு, உப்பு, கோதுமை மாவு, பால், தேன், திராட்சை ரசம், எண்ணெய், துணி. ஷெக்டரால் அடையாளம் காண முடிந்ததற்கு அதிர்ஷ்டம் காரணமில்லை. ரபிகளின் நூல்களில் சிதறிக் கிடந்த பென் சீரா மேற்கோள்களை எல்லாம் பொறுக்கி 1891-லேயே அவர் கட்டுரை வெளியிட்டிருந்தார். தொலைந்துபோனவரின் முக ஜாடை மனதில் பதிந்திருந்த ஒருவர் கையில் தாள் போய்ச் சேர்ந்தது. மே 13 அன்று, இது மூல எபிரேயம்தான், நாளைவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஆக்னஸுக்குக் கடிதம் எழுதினார். மே 16 இதழில் அத்தினியம் பத்திரிகையில் ஆக்னஸின் அறிவிப்பு வந்துவிட்டது.

செய்தி பரவிய சில வாரங்களில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகம், அதே பிரதியின் ஒன்பது தாள்கள் தன்னிடமும் இருப்பதைக் கண்டுபிடித்தது. போட்டி சூடானது. அந்த டிசம்பரில் ஷெக்டர் சத்தமில்லாமல் கெய்ரோவுக்குக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லர் பணம் கொடுத்தார். கெய்ரோவின் தலைமை ரபியைச் சந்தித்துப் பழகி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியை வாங்கினார் ஷெக்டர். அவருக்கு எல்லாமே வேண்டியிருந்தது. நூற்றாண்டுத் தூசி தொண்டையில் இறங்க, அந்த இருட்டறையில் வாரக்கணக்கில் நின்று மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பினார். கேம்பிரிட்ஜில் இன்று அவர் பெயரிலும் டெய்லர் பெயரிலும் உள்ள தொகுப்பில் ஏறத்தாழ 1,90,000 துண்டுகள் இருக்கின்றன. நைல் கரைச் சமுதாயத்தின் ஆயிரம் ஆண்டு வாழ்க்கை இப்படி ஒட்டுமொத்தமாக வேறு நாட்டுக்குப் போனது சரியா என்று இன்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அங்கேயே விட்டிருந்தால் துண்டு துண்டாகச் சந்தையில் சிதறியிருக்கும் என்பதும் உண்மை.

மூட்டைகளிலிருந்து பென் சீராவின் வேறு வேறு பிரதிகள் வெளிவந்தன. 1899-இல் ஷெக்டரும் டெய்லரும் நூலாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஆக்ஸ்போர்டின் அரபுப் பேராசிரியர் டி. எஸ். மார்கோலியூத் ஒரு சிறு வெளியீட்டில், இது மூலமே இல்லை, பாரசீகத்திலிருந்தும் சிரியாக்கிலிருந்தும் யாரோ இடைக்காலத்தில் எபிரேயத்துக்குத் திருப்பி எழுதியது என்று அடித்துச் சொன்னார். சும்மா சொல்லவில்லை. முதல் தாள் இருந்த பிரதியின் ஓரங்களில் பாரசீகக் குறிப்புகள் இருந்தன. வேறொரு பிரதி இந்த இடத்தோடு நின்றுவிட்டது என்று ஒப்பிட்டு எழுதியவர் குறித்திருந்தார். மார்கோலியூத்துக்கு அது சந்தேகத்துக்கு இடமாகப் பட்டது. எனக்கு அது, தன் கையில் இருப்பதை நம்பாமல் இன்னொன்றைத் தேடி வாங்கி வரிக்கு வரி சரிபார்த்த, பெயர் தெரியாத ஒரு எழுத்தரின் நேர்மையாகப் படுகிறது. பெசலெயேல் காலத்து ஹோக்மா அந்த ஓரக்குறிப்பில் இருக்கிறது.

வழக்கு அறுபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. 1952-இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் இரண்டாம் குகையில் ஆறாம் அதிகாரத்தின் சின்னத் துணுக்குகள் கிடைத்தன. எதையும் தீர்க்கப் போதவில்லை. 1964 ஏப்ரலில் தொல்லியலாளர் யிகேல் யாதீனின் குழு, அதே சாக்கடல் ஓரத்து மசாதா கோட்டையில் மதிலறை ஒன்றைத் தோண்டியபோது ஒரு தோல்சுருள் அகப்பட்டது. ரோமப் படையிடம் கோட்டை விழுந்தது கி.பி. 73 அல்லது 74-இல். அதற்குப் பிறகு யாரும் அதில் கை வைத்திருக்க முடியாது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தவர்கள் கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பாதி என்றார்கள். அதாவது வாத்தியார் எழுதி நூறு ஆண்டு அளவில் படியெடுத்தது. பென் சீரா 39-இன் கடைசியிலிருந்து 44 வரை. ஆக்னஸும் மார்கரெட்டும் வாங்கி வந்த தாளும் அதன் தொடர்ச்சியான ஆக்ஸ்போர்டு தாள்களும் இதே பகுதிதான். ஒப்பிட்டார்கள். சில வேறுபாடுகள் உண்டு. அடிப்படையில் ஒரே நூல். ஷெக்டர் சரி, மார்கோலியூத் தவறு. இரண்டு பேருமே அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

எருசலேமிலிருந்து கெய்ரோவுக்கு அந்த எபிரேயம் போன வழி எது? கி.பி. 800-ஐ ஒட்டிச் சிரியாக் திருச்சபைத் தலைவர் திமோத்தேயு எழுதிய கடிதம் ஒன்றில், எரிகோ அருகே வேட்டைக்காரன் ஒருவனின் நாய் குகைக்குள் நுழைந்து திரும்பாததால் அவனும் பின்னே போய்ப் பார்க்க, உள்ளே ஏடுகள் குவிந்திருந்தன, எருசலேமின் யூதர்கள் வந்து எடுத்துப் போனார்கள் என்ற செய்தி இருக்கிறது. அந்தக் குவியலில் பென் சீராவும் இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். நல்ல ஊகம், ஊகம்தான்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது. பெண்களைப் பற்றி இந்த வாத்தியார் எழுதியதைப் போல மோசமாக அந்தக் காலத்து ஞான நூல்கள் அதிகம் எழுதவில்லை. பாவம் பெண்ணிடம் தொடங்கியது என்கிறார். ஆணின் கெடுதலையே பெண்ணின் நன்மையைவிட மேலாக வைக்கிறார். அந்த இரண்டாவது கருத்து வரும் 42-ஆம் அதிகாரம் ஆக்ஸ்போர்டு தாள்களிலும் இருக்கிறது, மசாதா சுருளிலும் இருக்கிறது. பேரன் சேர்த்தது என்று தாத்தாவைக் காப்பாற்றவும் வழியில்லை. அவரை மண்ணிலிருந்து எழுப்பியது பட்டம் மறுக்கப்பட்ட இரண்டு விதவைகள்.

தமிழுக்கு இந்த நூல் இரண்டு வழியில் வந்தது. லுத்தர் தன் பைபிளில் இதைத் திருநூலுக்குச் சமம் இல்லை, படிக்க நல்லது என்று தனியே வைத்தார். அந்த மரபில் வந்த பெஞ்சமின் சூல்ட்சே, 1720-களின் இறுதியில் தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை முடித்தபோது இப்படித் தனியே வைக்கப்பட்ட தள்ளுபடியாகமங்களையும் சேர்த்தே கொண்டுவந்தார். பிறகு வந்த புராட்டஸ்டன்ட் பதிப்புகளில் அவை நின்றுபோயின. கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து சங்கத்தில் இதைத் திருநூலாக உறுதிசெய்திருந்தது. 1995-இல் திண்டிவனத்திலிருந்து வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் ‘சீராக்கின் ஞானம்’ என்ற பெயரில் இருக்கிறது. சீராக் என்பது பேரனின் கிரேக்கத்தில் சீரா எடுத்த உருவம்.

இன்றைக்கு நூலின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு எபிரேயம் கையில் இருக்கிறது. கெனிசாப் பெட்டிகளில் இன்னும் புதுத் தாள்கள் அடையாளம் காணப்படுகின்றன; 2010-ஐ ஒட்டியும் சில கிடைத்தன. சகோதரிகள் தனியே வைத்திருந்த 1,700-க்கும் மேற்பட்ட துண்டுகளை, பழைய போட்டியாளர்களான கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் 2013-இல் 12 லட்சம் பவுண்டுக்குச் சேர்ந்து வாங்கின. ஞானம் எழுந்து நின்று தன் பயணத்தைச் சொல்லும் 24-ஆம் அதிகாரத்தின் எபிரேயம் மட்டும் கெய்ரோவிலும் இல்லை, மசாதாவிலும் இல்லை, கும்ரானிலும் இல்லை. அதைப் பேரனின் கிரேக்கத்திலும், பிற பழைய மொழிபெயர்ப்புகளிலும்தான் படிக்க முடியும்.

பொது மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தால் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் ‘இணைத் திருமுறை’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் சீராக்கை எடுத்து முதலில் 38-ஆம் அதிகாரத்தில் கொல்லனைப் பாருங்கள், பிறகு 24-க்கு வாருங்கள். 25-உம் 42-உம் கோபமூட்டும். மூட்டட்டும், அவற்றையும் விடாமல் படியுங்கள்.